யானையைப் பார்க்கும் கண்ணுக்கு யார் காவல்?

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் விடிகாலையில் கொழுந்து பறிக்கக் கிளம்பும் பெண்களுக்கு முதல் பயம் யானைதான். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பதுகூடத் தெரியாது. கிளை ஒடியும் சத்தமும் ஈரச் சாணத்தின் வாடையும்தான் அவர்களுக்கு இத்தனை காலமும் எச்சரிக்கை. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் அந்த வேலைக்கு வந்திருக்கின்றன. யானை தென்பட்டதும் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் பறக்கிறது. மலைக்குக் கீழே, கோவை மதுக்கரையிலும் ரயில் பாதையோரம் 12 கோபுரங்கள் அமைத்து, 2024 பிப்ரவரியில் இதே முறையைத் தொடங்கினார்கள், செலவு 7.24 கோடி ரூபாய். ஓர் உயிர் பிழைத்தாலும் அந்தப் பணம் வீணில்லை.

ஆனால் அந்தத் தடத்தில் யானை மட்டுமா நடக்கிறது? தேனுக்கும் விறகுக்கும் போகும் காட்டுநாயக்கர், பணியர் பழங்குடிகளும் நடக்கிறார்கள். மென்பொருளை மாற்றினால் அதே கேமரா முகத்தையும் அடையாளம் காணக்கூடும். அந்தப் படத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? போலீஸ் கேட்டால் கொடுக்கலாமா? தப்பாக ஒருவரைக் காட்டிவிட்டால் அவர் யாரிடம் போய் முறையிடுவது?

செயற்கை நுண்ணறிவுக்கென நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இல்லை. 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டவை வெறும் வழிகாட்டு நெறிகள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடமே கொடுத்திருக்கிறது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் முந்திக்கொண்ட மாநிலம். 2020 செப்டம்பரிலேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. இத்தகைய எந்த அமைப்பையும் மக்களிடம் கொண்டுபோகும் முன் சமத்துவம், அந்தரங்கம், தணிக்கை எனப் பல கோணங்களில் மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும் என்றது. அருமையான ஏற்பாடு. என்றாலும் அது கொள்கைதான். சட்டத்தின் பலம் அதற்குக் கிடையாது.

பலமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெலங்கானா சாட்சி. அங்கே கணினி கைகாட்டியதை நம்பி, நேரில் விசாரிக்காமலே லட்சக்கணக்கான ரேஷன் கார்டுகளை ரத்து செய்தார்கள். கள ஆய்வு செய்து சரிபார்க்கும்படி உச்ச நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. அதுவரை அரிசி இல்லாமல் கழிந்த நாட்களை யார் திருப்பித் தருவது?

காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. காடு 1976-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு வந்தது. தன் துறைகள் நிறுவும் கேமராவுக்கு விதி வகுக்க மாநிலம் டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் தேசியச் சட்டம் வருவதற்கு முன்பே கொலராடோ 2024-இல் தனிச் சட்டம் இயற்றியது.

உதகை, குன்னூர், கூடலூர் என நீலகிரிக்கு மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள். 2020 கொள்கையைச் சட்டமாக்குங்கள், ஒவ்வொரு கேமராவின் மதிப்பெண்ணையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள் என்று அவர்கள் மூவரும் அவையில் எழுந்து கேட்க வேண்டும்.