உங்களுக்குத் தெரியுமா? மேட்டூர் பக்கத்தில் ஈழப் போரின் தடம்

சேலம் மாவட்டத்தில், எடப்பாடிக்கு அடுத்த மேட்டூர் வட்டாரத்தில், கொளத்தூர் அருகே, புலியூர் பிரிவு என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. 1980களில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் அங்கே இயங்கியது. அதை நடத்தியவர் பொன்னம்மான். இயற்பெயர் குகன், யாழ்ப்பாணத்து இளைஞர். 1987 பிப்ரவரி 14 அன்று, யாழ்ப்பாணப் பகுதியின் நாவற்குழியில் இருந்த இலங்கை இராணுவ முகாமைத் தாக்க வெடிமருந்து நிரப்பிய வாகனம், அங்குள்ள கைதடியில் முன்கூட்டியே வெடித்தது. அவரும் தோழர்களும் இறந்தார்கள்; சுற்றியிருந்த பொதுமக்களும் இறந்தார்கள்.

அயல்நாட்டுப் போருக்குச் சேலம் மாவட்ட வரலாற்றில் என்ன இடம் என்று கேட்கலாம். இலங்கைத் தமிழர்கள் மீதான 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் ஈழப் போராளிகளுக்கு இந்திய அரசே பயிற்சி கொடுத்தது, முதல்வர் எம்.ஜி.ஆர். புலிகளுக்குப் பண உதவி செய்தார். நம் மண்ணில் பயின்றவர்கள் கடல் கடந்து போய்க் கொன்றதும் மாண்டதும் நம் வரலாற்றுக்கு எப்படி அந்நியமாகும்? இன்னொரு மறுப்பு கனமானது. 1991இல் ராஜீவ் காந்தி புலிகளால் கொல்லப்பட்டார், மறு ஆண்டு இந்தியாவில் அந்த இயக்கம் தடை செய்யப்பட்டது, சிறுவர்களைப் படையில் சேர்த்த பழியும் அதற்கு உண்டு; அப்படியிருக்க, இந்தச் சாவைப் பேசுவது அதை ஆதரிப்பதாகாதா? ஆகாது. கைதடியில் செத்த பொதுமக்களை விட்டுவிட்டு எழுதினால்தான் அது வெறும் வீரக்கதை. அவர்களையும் சேர்த்து எழுதும்போது, போர் ஓர் இளைஞனை என்ன செய்தது, அவன் வழியாக ஊரை என்ன செய்தது என்பது தெரியவரும். அந்த முகாமை நேரில் கண்ட கொளத்தூர்ப் பெரியவர்களின் வாய்மொழியை இப்போதே பதிவு செய்ய வேண்டும்.