பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விளக்கு ஏன் மங்குகிறது?

இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. காரில் முகப்பு விளக்கு மங்கினால், பலரும் முதலில் பல்பைத்தான் மாற்றுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

இந்தக் காரின் பேட்டரி இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. விளக்குக்குப் போன மின்சாரம் இரும்பு பாடி வழியாகவே திரும்பி வரவேண்டும். அதற்கு எர்த் வயர் பாடியைத் தொடும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். அங்கே துரு படிந்து வெறும் 0.1 ஓம் தடை உண்டானாலும், இரு விளக்குகளும் இழுக்கும் சுமார் 9 ஆம்பியருக்கு 0.9 வோல்ட் வீணாகும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும்! தொலைந்த மின்சக்தி அந்த இணைப்பைச் சூடாக்கும். சூடு துருவை வளர்க்கும். தடை மேலும் ஏறும்.

இந்தத் தடையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும், மற்றதைப் பாடியோடு இணைந்த பேட்டரி முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இணைப்பை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். (1967 வரை வந்த வண்டிகளில் பாடியில் சேர்வது பேட்டரியின் நேர்முனை.)

எர்த்தைச் சரிசெய்ததோடு, முகப்பு விளக்கின் வயரிங்கில் ஒரு ரிலேயும் ஃபியூஸும் சேர்ப்பது என் உறுதியான பரிந்துரை. அதன்பின் முழு மின்னோட்டமும் விளக்கின் பழைய சுவிட்ச் வழியாகப் போகாது.