ஓய்வு ஊர்கள் – 6: எந்த வாசலில் வண்டியை நிறுத்தினீர்கள்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள சன் சிட்டியை விமானத்திலிருந்து பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. குளத்தில் கல் விழுந்ததுபோல் ஒன்றைச் சுற்றி ஒன்றாக வட்டச் சாலைகள் விரிந்து கிடக்கும். தாத்தா பாட்டியைப் பார்க்கக் காரில் வரும் பேரப்பிள்ளைகளுக்கோ அந்த வட்டங்களே பெரும் சோதனை. எங்குமே திரும்பியதாகத் தோன்றாது. ஆனால் புறப்படும்போது முகத்தில் அடித்த வெயில், சற்று நேரத்தில் முதுகில் அடித்துக்கொண்டிருக்கும்.

பருத்தி வயல்களும் மரினெட் என்ற சிற்றூரும் இருந்த நிலத்தில், 1960 ஜனவரி 1-ம் தேதி கட்டுமானத் தொழிலதிபர் டெல் வெப் இந்த ஊரைத் திறந்துவைத்தார். பொழுதுபோக்கு மையமும் கோல்ஃப் மைதானமும் பிறகு வரும் என்று வாக்குறுதி தராமல், முதலில் அவற்றைக் கட்டிக் காட்டிவிட்டுத்தான் வீடுகளை விற்றார். பார்க்க வந்தவர்கள் முதல் மூன்று நாளிலேயே ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அந்த வகையில், விருந்தினருக்கு வழிகாட்டும் வேலை இந்த ஊருக்கு முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

இப்போது அங்கே ஏழு பொழுதுபோக்கு மையங்கள்: ஓக்மான்ட், ஃபேர்வே, மவுண்டன் வியூ, லேக்வியூ, சன்டயல், பெல், மரினெட். “மையத்துக்கு வந்துவிடு” என்று மட்டும் சொன்னால் போதாது. ஊரைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது கிராண்ட் அவென்யூ. அதை ஒட்டி ரயில் பாதை. தவறான பக்கத்துக்குப் போய்விட்டால், கடந்து திரும்புவதற்குள் பாட்டியின் நீச்சல் நேரம் முடிந்திருக்கும்.

சன் சிட்டி பிறந்த அதே 1960-ல்தான் நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச் நகரங்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் தங்கள் ஊரை மனதில் எப்படி வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்த நூல் அது. பாதைகள், எல்லைகள், சந்திப்புகள், வட்டாரங்கள், அடையாளச் சின்னங்கள் என ஐந்தைப் பிடித்துக்கொண்டே மனிதர்கள் வழி நடக்கிறார்கள் என்றார். இந்தக் கண்ணோடு பார்த்தால் லேக்வியூ நல்ல பெயர். பக்கத்திலேயே ஏரி இருக்கிறது. மவுண்டன் வியூ என்ற பெயர் அவ்வளவு உதவாது. அரிசோனாவில் மலை தெரியாத இடம் குறைவு.

மையத்தின் கட்டடத்துக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு வரைபடம். ‘நீங்கள் இருப்பது இங்கே’ என்று சிவப்புப் புள்ளி. இத்தகைய வரைபடங்களை 1980-களில் ஆராய்ந்த உளவியலாளர் மார்வின் லெவின் ஒரு எளிய உண்மையை நிறுவினார்: பார்ப்பவருக்கு எதிரே உள்ளது படத்தின் மேல்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்கள் நேர் எதிர்த்திசையில் நடந்துவிடுகிறார்கள். ஒரே படத்தை நான்கு பிரதி எடுத்து நான்கு திசைச் சுவர்களிலும் மாட்டினால், அதில் ஒன்றுதான் சரி. மாட்டும் சுவருக்கு ஏற்றபடி படத்தைத் திருப்பி அச்சிடப் பெரிய செலவில்லை, அக்கறைதான் வேண்டும்.

வருகிறவர்கள் எல்லாரும் பேரப்பிள்ளைகள் அல்ல. அண்ணனைப் பார்க்க எழுபது வயதுத் தங்கை வருகிறார். இருபது வயதில் விழித்திரைக்கு எட்டிய ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் எட்டுகிறது. கண்ணின் வில்லை மஞ்சளாகிவிடுவதால் நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் நீலக் கோடு நீச்சல் குளத்துக்கு, பச்சைக் கோடு நூலகத்துக்கு என்று தரையில் போடுவது அவரை அலையவிடும் ஏற்பாடு. பளபளப்பான பலகையும் கண்ணைக் கூசச் செய்யும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டவிதி இதையெல்லாம் யோசித்திருக்கிறது: அறைப் பலகை கூசாததாக, தடவி வாசிக்கும் எழுத்துகள் தரையிலிருந்து 48 முதல் 60 அங்குல உயரத்துக்குள், கதவின் கைப்பிடி இருக்கும் பக்கத்துச் சுவரில்.

இவ்வளவு செய்தாலும், உறுப்பினர் அட்டையைச் சரிபார்க்கும் மேசையில் இருப்பவரின் வாய்மொழிக்கு ஈடில்லை. சன் சிட்டியில் 100-க்கும் மேற்பட்ட சங்கங்கள் இயங்குகின்றன: மரவேலை, மட்பாண்டம், நவரத்தினக் கல் பட்டை தீட்டுதல் என்று. “கிழக்குப் பகுதி, இரண்டாம் அறை” என்பதைவிட, “நேராகப் போங்கள், ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்கும், அதற்கு அடுத்த கதவு” என்பது நிச்சயம் கொண்டு சேர்க்கும்.

திரும்பும் வழியைத்தான் பலரும் சொல்ல மறக்கிறார்கள். போகும்போது இடப்புறம் இருந்தது வரும்போது வலப்புறம். அதே நடைபாதை வேறொன்றாகத் தெரியும். பல வாசல் உள்ள மையத்தில், விருந்தினரை உள்ளே அனுப்பும் முன்பே “எந்த வாசலில் வண்டியை நிறுத்தினீர்கள்?” என்று கேட்டு, அந்த வாசலின் பெயரைத் துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

(தொடரும்)