கன்னத்தில் பொட்டு வைத்த குருவிக்கு ஒரு வயல்

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு உட்கார்ந்தால், தே தாரேக் வருவதற்கு முன்பே குருவிகள் வந்துவிடும். மேசைக்கடியில் தத்தித் தத்தி, என் செருப்பைக்கூட மதிக்காமல் துணுக்குகளைப் பொறுக்கும். தலையில் செம்பழுப்புத் தொப்பி. வெள்ளைக் கன்னத்தில், யாரோ திருஷ்டிக்கு வைத்ததுபோல் ஒரு கறுப்புப் பொட்டு. நீங்களும் தினமும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பொட்டைக் கவனித்திருப்பீர்களா? நான் கவனித்ததில்லை. அதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டியிருந்தது.

2010ஆம் ஆண்டு டிசம்பர். ஊடகத்துறைப் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் திரும்பக் கையில் பணமில்லை. வெளிநாட்டு மாணவர்களைப் பண்டிகை நாள்களில் வீட்டில் தங்கவைக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. எனக்குக் கிடைத்தது லிங்கன்ஷரில் ஒரு விவசாயக் குடும்பம். கணவன், மனைவி இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல். பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்றேன். முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

நூறு ஆண்டுகளில் பிரிட்டன் கண்ட மிகக் குளிரான டிசம்பர் அதுதான். வயல் முழுக்க வெள்ளை. ஆனால் உயிர்வேலியை ஒட்டி ஒரு துண்டு நிலம் மட்டும் பழுப்பாக, அறுக்காத பயிரோடு நின்றது. கதிர்கள் காய்ந்து, சாய்ந்து, பனிக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ‘பாவம், அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது’ என்று நினைத்தேன். அங்கிள் கைகளைத் தட்டினார். அந்தத் துண்டு நிலமே எழுந்து பறந்ததுபோல் இருநூறு, முந்நூறு பறவைகள் கிளம்பி வேலியில் போய் அமர்ந்தன.

அது அவற்றுக்காகவே விதைத்த வயல். வசந்தத்தில் விதைத்து, அறுக்காமல் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவிடுவார்கள். பனிவரகு, கினோவா, கோதுமைக்கும் ரைக்கும் பிறந்த டிரிட்டிகேலி, தீவன முள்ளங்கி, கேல் கீரை, கொஞ்சம் சூரியகாந்தி. எல்லாம் ஒரே கலவை. ஒவ்வொரு பறவைக்கும் ஒவ்வொரு நாக்கு என்று விளக்கினார் அங்கிள். மஞ்சள் தலை யெல்லோஹாமர் மாவுச்சத்துள்ள தானியத்தைத் தேடும். சின்ன அலகுள்ள லினட், எண்ணெய்ச் சத்துள்ள கேல், முள்ளங்கி விதைகளைத் தேடும். ஒரே தானியத்தைப் போட்டால் பாதி விருந்தாளிகள் பசியோடு திரும்புவார்கள்.

நமக்குத் தினைப்புனம் என்றால் வள்ளிதான் நினைவுக்கு வருவாள். பரண்மேல் நின்று, கவண் வீசி, ஆலோலம் பாடிக் கிளி விரட்டியவள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அந்தக் கதையைச் சொன்னேன். “எங்கள் ஊரில் பறவையை விரட்ட ஆள் வைப்பார்கள், நீங்கள் பறவைக்கென்றே விதைக்கிறீர்கள்” என்றேன். அங்கிள் யோசித்துவிட்டு, “அந்தப் பெண்ணுக்கு அரசாங்கம் பணம் கொடுத்ததா?” என்று கேட்டார். அவருக்குக் கொடுத்தது. இத்தனை ஹெக்டேருக்கு இவ்வளவு என்று, விளைச்சலை இழப்பதற்கு ஈடாக.

அரசாங்கம் ஏன் பணம் கொடுக்கிறது? அங்கிளின் அப்பா காலத்தில் இப்படி ஒரு வயலே தேவைப்பட்டதில்லை. அப்போது வாற்கோதுமையை வசந்தத்தில் விதைப்பார்கள். முந்தைய அறுவடையின் தாள்கட்டை குளிர்காலம் முழுக்க உழாமல் கிடக்கும். சிந்திய மணியும் களை விதையும் பறவைகளுக்குப் போதும். பிறகு இலையுதிர்காலத்திலேயே கோதுமை விதைக்கும் வழக்கம் பரவியது. அறுத்த கையோடு உழுதுவிடுவார்கள். களைக்கொல்லி வந்தது, களை விதை போயிற்று. அறுவடை இயந்திரமும் முன்போல் மணிகளைச் சிந்துவதில்லை. யாரும் பறவைகளைக் கொல்ல நினைக்கவில்லை. வயல் சுத்தமாகிவிட்டது, அவ்வளவுதான். 1970க்குப் பிறகு பிரிட்டனின் வயல்வெளிப் பறவைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது.

மறுநாள் காலை அங்கிள் பைனாகுலரை என் கையில் திணித்து, வேலியின் ஒரு கிளையைக் காட்டினார். குரலில் அப்படி ஒரு பரபரப்பு. ஏதோ அபூர்வப் பறவை என்று கண்ணை வைத்தேன். செம்பழுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், கறுப்புப் பொட்டு.

“அங்கிள், இது எங்கள் ஊரில் சாப்பாட்டு மேசைக்கடியில் ஓடும்” என்றேன். அவர் நம்பவில்லை. அவர்கள் வீட்டுக் கூரையில் வாழும் குருவி வேறு இனம். அதற்குச் சாம்பல் நிறத் தலை. இது மரக்குருவி. இங்கிலாந்தில் அது வயற்காட்டுப் பறவை, நம் ஊரிலோ பட்டணத்துப் பறவை. 1970க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் பிரிட்டனில் அதன் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோனது. அன்று நாங்கள் எண்ணியது ஒன்பது. அங்கிள் அதை ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஒன்பது குருவிக்கா இவ்வளவு சந்தோஷம் என்று, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் சிரிப்புதான் வந்தது.

மார்ச்சில் ஒரு வார இறுதிக்கு மறுபடி போனேன். பனி போய்விட்டது, அங்கங்கே பச்சை தெரிந்தது. பறவைகளுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே வயல் பக்கம் நடந்தேன். அங்கே வெறும் தண்டுகள் நின்றன. பனிவரகு புத்தாண்டுக்கு முன்பே உதிர்ந்து தீர்ந்துவிட்டதாம். முள்ளங்கிக் காய்கள் மட்டும் கொஞ்சம் பாக்கி. கேல் முதல் ஆண்டு இலையோடு நிற்கும்; இரண்டாம் ஆண்டில்தான் விதை வைக்கும். பழைய விதை தீர்ந்து, புது விதையும் பூச்சியும் வராத அந்த இடைவெளியை ‘பசி இடைவெளி’ என்கிறார்கள். குளிரைத் தாண்டி வந்த பறவை அங்கேதான் விழுகிறது. அப்போதைய விதிப்படி மார்ச் தொடங்கியதும் அந்த வயலை உழுதுவிடலாம். காகிதத்தில் குளிர்காலம் முடிந்துவிட்டது.

குருவிகளை எண்ணினோம். நான்கு.

மற்ற ஐந்தும் வேறெங்காவது போயிருக்கலாம் என்றார் ஆன்ட்டி. அங்கிள் ஒன்றும் சொல்லாமல் நான்கு என்று எழுதினார். பிறகு ஒரு வாளித் தானியத்தை எடுத்துக்கொண்டு வண்டித்தடத்தில் தூவப் போனார். நானும் கூடவே நடந்தேன். “மூட்டையைக் கொட்டினாலே போதுமே, வயல் எதற்கு?” என்று கேட்டேன். ஒரே இடத்தில் கொட்டினால் கூட்டம் நெருக்கியடிக்கும், நோய் பரவும் என்றார். 2005க்குப் பிறகு தோட்டங்களில் தீவனம் தின்னக் கூடிய பச்சைப் பின்ச் பறவைகள் தொண்டை நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்ததை அவர் மறக்கவில்லை. வயலில் பறவைகள் பரவி உண்ணும், பருந்து வந்தால் வேலிக்குள் பதுங்கும். வாளி கடைசி மாதத்துக்கு மட்டும். அதுவும் தினம் இடம் மாற்றித் தூவ வேண்டும்.

அந்த வசந்தத்தில் நிலத்தை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் வழக்கமான கலவை. மறுபாதியில் கேலை உழாமல் இரண்டாம் ஆண்டுக்கு விட்டார். பக்கத்துப் பண்ணைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, ‘களைத் தோட்டம்’ என்று பரிகாசம் செய்தாராம். பிற்பாடு அரசுத் திட்டத்திலேயே ஏப்ரல் வரை தானியம் தூவுவதற்குத் தனியாகப் பணம் தர ஏற்பாடு வந்தது. மின்னஞ்சலில் அங்கிள் அதை எனக்கு எழுதியபோது மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார். சாதாரணமாக ஒன்றுகூடப் போடாத மனிதர். அடுத்த ஆண்டுகளின் மார்ச் கணக்கும் அவ்வப்போது வரும்: ஆறு, ஐந்து, பதினொன்று. ஒரு முறை இரண்டு.

சில ஆண்டுகள் கழித்து இருவரும் கோலாலம்பூர் வந்தார்கள். கோபுரத்தைக் காட்டினேன், பத்துமலையைக் காட்டினேன். அங்கே வள்ளியைப் பற்றி அங்கிள்தான் ஆன்ட்டிக்கு விளக்கம் சொன்னார், பாதி தப்பாக. மறுநாள் காலை மாமாக் கடைக்கு அழைத்துப்போனேன். ரொட்டி வந்தது. அங்கிள் தொடவில்லை. குனிந்து மேசைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கடைத் தம்பி தோள் துண்டை வீசிக் குருவிகளை விரட்ட வந்தபோது, பதறிக் கையை நீட்டித் தடுத்தார். தம்பி என்னைப் பார்த்தார். “விடுங்க தம்பி, அவர் எண்ணிக்கிட்டு இருக்கார்” என்றேன்.

அங்கிள் ரொட்டியைப் பிய்த்துக் கீழே போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து அதே மாதிரி ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது. எட்டிப் பார்த்தேன். ‘மரக்குருவி, 23, காலை 9.40’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.