சிரிக்க வைத்த பெண்கள் – 6: மூன்று டாலர் பத்தி

ஹாலோ பிளாக் கற்களை இரண்டு பக்கமும் அடுக்கி, மேலே ஒரு மரப்பலகை. அதன்மேல் ஒரு டைப்ரைட்டர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டேட்டன் நகரை ஒட்டிய சென்டர்வில் ஊரில், ஒரு வீட்டுப் படுக்கையறையில் இருந்த இந்த மேசைதான் எர்மா பாம்பெக்கின் அலுவலகம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதிலிருந்து திரும்பி வரும்வரைதான் அலுவலக நேரம். அதற்குள் சமையலும் துணி துவைப்பதும் முடிந்தாக வேண்டும்.

1964ல் உள்ளூர்ப் பத்திரிகையான 'கெட்டரிங்-ஓக்வுட் டைம்ஸ்' அவருக்கு வாரப் பத்தி ஒன்றைக் கொடுத்தது. பத்திக்கு மூன்று டாலர் சம்பளம். அப்போது அவருக்கு வயது 37, மூன்று பிள்ளைகள். கல்யாணத்துக்கு முன்பே டேட்டன் பத்திரிகைகளில் வேலை பார்த்தவர்தான். பிள்ளை வளர்ப்பில் பத்தாண்டு ஓடிவிட்டது.

மறுவருடமே 'டேட்டன் ஜர்னல் ஹெரால்ட்' அவரை அழைத்துக்கொண்டது. வாரம் இரண்டு பத்தி, ஐம்பது டாலர். சில வாரங்களிலேயே வேறு ஊர்ப் பத்திரிகைகளும் அதை வாங்கி வெளியிடத் தொடங்கின. உச்சத்தில் 900 பத்திரிகைகள், சுமார் மூன்று கோடி வாசகர்கள்!

அப்படி என்னதான் எழுதினார்? வாஷிங் மெஷினுக்குள் ஜோடியாகப் போய் ஒற்றையாகத் திரும்பும் சாக்ஸைப் பற்றி எழுதினார். பிள்ளைகளின் சண்டை, மலைபோல் குவியும் அயர்ன் துணி, விடுமுறைப் பயணத்தில் காரின் பின்சீட்டில் நடக்கும் ரகளை எல்லாம் பத்தியில் வந்தன. அன்றைய பெண்கள் பத்திரிகைகளோ, பளபளக்கும் சமையலறையில் கசங்காத உடையோடு நிற்கும் அம்மாவைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, 'என்னால் மட்டும் ஏன் முடியவில்லை?' என்று மருகிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான பெண்களுக்கு பாம்பெக்கின் பத்தி பெரிய ஆறுதல். அதை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார்கள். ஒரு தாய் வாய்விட்டு 'களைத்துப் போனேன்' என்று சொன்னால் பாசம் குறைந்தவள் என்று பேசிய காலம் அது. அதையே சிரிக்கச் சிரிக்கச் சொன்னபோது குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

1974 அன்னையர் தினத்துக்கு அவர் எழுதிய பத்தி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடவுள் தாயைப் படைக்கிறார், ஓவர்டைம் வேலை. தாய்க்கு ஆறு ஜோடிக் கைகள் வேண்டுமாம், மூன்று ஜோடிக் கண்கள் வேண்டுமாம். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை என்ன செய்கிறான் என்று பார்க்க மட்டுமே ஒரு ஜோடி. பிள்ளை வளர்த்தவர்கள் யாரும் இதை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

பெண்களின் கஷ்டத்தை அவர் சிரித்தே மழுப்பிவிட்டார் என்று எண்ணுவது பெரும் தவறு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டத்தில் சம உரிமை கேட்ட அரசியல் சட்டத் திருத்தத்துக்காக, 1970களின் இறுதியில் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் அவர். 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1982ல் கெடு முடிந்தபோது 35தான் கிடைத்திருந்தது. அடுப்படியைப் பற்றி எழுதும் புகழ்பெற்ற பெண் மேடையேறி உரிமை கேட்டது, வீட்டோடு இருந்த பெண்களுக்கு மிக நெருக்கமான குரலாக இருந்தது. என் பார்வையில் அவருடைய நகைச்சுவையும் இந்தப் பிரச்சாரமும் வேறு வேறல்ல. சம்பளமில்லாத வேலையும் வேலைதான் என்பதை இரண்டிலும் சொன்னார்.

இத்தனைக்கும் உடம்பு அவருக்கு ஒத்துழைத்ததே இல்லை. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் இருப்பது இருபது வயதிலேயே தெரிந்துவிட்டது. குழந்தை பிறக்க வாய்ப்பு குறைவு என்று மருத்துவர்கள் சொன்னதால், 1953ல் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார். பிறகு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். 1992ல் மார்பகப் புற்றுநோய், அதன்பின் டயாலிசிஸ். பத்தி நிற்கவில்லை. 1996 ஏப்ரலில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். அதே மாதம் 22ஆம் தேதி, 69 வயதில் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிய பத்திகள் நாலாயிரத்துக்கும் அதிகம்.

'தி லாட்டரி' என்ற சிறுகதையால் 1948ல் அமெரிக்காவையே நடுங்க வைத்த ஷெர்லி ஜாக்சன், நான்கு பிள்ளைகளோடு பட்ட பாட்டைச் சிரிக்கச் சிரிக்க எழுதிய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)