மண்ணின் மைந்தனா, மஞ்சள் தளபதியா?

நெய்யாற்றின்கரை, பாறசாலை, காட்டாக்கடை வட்டாரத்தின் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்களுக்கு 2025 நவம்பர் 15 தர்மசங்கடமான நாள். விழிஞ்சம் அருகே புல்லுவிளையைச் சேர்ந்த சஞ்சு சாம்சன், ராஜஸ்தான் ராயல்ஸிலிருந்து சென்னைக்கு வந்தார். பக்கத்து ஊர்ப் பிள்ளை, மகிழ்ச்சிதான். ஆனால் பதிலுக்குச் சென்னை கொடுத்தது ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரணையும்.

2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்துகளில் பத்து ரன் அடித்துக் கோப்பையைத் தந்தவர் ஜடேஜா. அவரையா அனுப்புவது என்பது ஒரு தரப்பின் ஆதங்கம். அப்போது தோனிக்கு வயது 44; அடுத்த விக்கெட் கீப்பர் வேண்டாமா என்பது மறுதரப்பின் கணக்கு. நன்றிக்கும் நாளைக்கும் இடையிலான வழக்கு இது.

ஒரே ஆறுதல்: 2008இல் ஜடேஜா ஐ.பி.எல். ஆட்டத்தைத் தொடங்கியதே ராஜஸ்தானில்தான். அவரும் தாய்வீடு திரும்பியிருக்கிறார்.