தலைவலி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?



தோட்ட ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் வாசலில் நின்றபடியே, “ஐயா, தலைவலி மாத்திரை ரெண்டு கொடுங்க, போதும்” என்கிறார்கள். வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த வாரமும் அதே வலி, அதே மாத்திரை. வலியை அமுக்கி வைத்தால் நோய் தீர்ந்துவிடாது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் நிறுத்த வழி பிறக்கும்.

கழுத்தில் பிடித்தால் தலையில் வலிக்கும்

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்குபவை கழுத்திலுள்ள 7 எலும்புகளும் சுற்றியுள்ள தசைகளும்தான். தலை நேராக இருக்கும்வரை பாரம் தெரியாது. வெகுநேரம் குனிந்தோ அண்ணாந்தோ நின்றால் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இறுக்கம் பிடரியில் தொடங்கி, பின்மண்டை வழியாக நெற்றிவரை ஏறும். தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியதுபோல் இருக்கும்.

நம் வேலையை நினைத்துப் பாருங்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர் நீண்ட கம்பைத் தூக்கிப் பிடித்து, நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிறார். வெட்டிய குலை ஒவ்வொன்றும் 10 கிலோ, 20 கிலோ இருக்கும், அதையும் தூக்குகிறார். உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் குனிந்த தலை நிமிர்வதில்லை. பால்மரம் வெட்டுகிறவர் விடியுமுன் தலைவிளக்கு கட்டிக்கொண்டு போகிறார்; மேல்வெட்டு மரமானால் கழுத்தை நிமிர்த்தியே வெட்ட வேண்டும். பிறகு பால் வாளியைத் தூக்க வேண்டும். மருந்து அடிப்பவர் முதுகில் சுமக்கும் 16 லிட்டர் பம்பில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. இத்தனைக்கும் பிறகு வீட்டுக்கு வந்து, இரண்டு தலையணையை அடுக்கிப் படுத்துக்கொண்டு கைப்பேசியைக் குனிந்து பார்த்தால் கழுத்துக்கு ஓய்வு ஏது?

மற்றக் காரணங்கள்

பசியும் தாகமும்: ஒரு கிளாஸ் கோப்பியோடு பசியாறாமல் பெரட்டுக்கு ஓடுகிறவர்களுக்குப் பத்து மணிக்குத் தலை கனக்கும். வெயிலில் வியர்வையாகப் போன தண்ணீரை ஈடு செய்யாவிட்டாலும் அப்படித்தான்.

கண்: 40 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்கும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதால் மாலையில் நெற்றி வலிக்கும். இவர்களுக்கு வேண்டியது கண்ணாடி.

ஒற்றைத் தலைவலி: பெரும்பாலும் ஒரு பக்கம் ‘விண் விண்’ என்று தெறிக்கும். குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி வருவதுண்டு. இதற்குத் தனி மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள்.

கழுத்தெலும்புத் தேய்மானம்: வயது ஏற ஏற வருவது. நரம்பு நசுங்கினால் கை விறுவிறுக்கும், மரத்துப்போகும், பிடியில் பலம் குறையும்.

சம்சு: குடித்த மறுநாள் தலைவலிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மாத்திரையும் போட்டால் ஈரலுக்கு இரட்டை அடி.

மாத்திரையே காரணம்: நம்ப முடிகிறதா? மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை விழுங்கி, அப்படியே சில மாதம் போனால், அந்த மாத்திரையே தினமும் தலைவலியை உண்டாக்கும். அதிலிருந்து மீள, டாக்டர் சொல்படி மாத்திரையைக் குறைத்து நிறுத்த வேண்டும்.

ரத்தக் கொதிப்பு: “எனக்குத் தலை வலிக்கலையே, கொதிப்பு எப்படி இருக்கும்?” என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் நம்மிடையே உண்டு. இது மிக ஆபத்தான எண்ணம். ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த வலியும் தராது. சத்தமில்லாமல் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும். 140/90-க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள்.

வலி தீர என்ன செய்யலாம்?

வெந்நீரில் பிழிந்த துணியைப் பிடரியிலும் தோளிலும் 15 நிமிடம் போடுங்கள். சூடு தோலைச் சுடக் கூடாது. கோடாலித் தைலம் தடவி மெதுவாக நீவி விடலாம், தவறில்லை. தலையணை ஒன்று போதும். குப்புறப் படுக்காதீர்கள்.

வேலைக்கு நடுவே, மணிக்கு ஒரு முறை 2 நிமிடம் நில்லுங்கள். தோள்களைக் காதுவரை தூக்கி இறக்குங்கள், 10 தடவை. முகவாயை உள்ளே இழுத்து 5 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். தலையை வலப்பக்கமும் இடப்பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். வேகமாகச் சுழற்ற வேண்டாம். பசியாறிவிட்டுப் புறப்படுங்கள், தண்ணீர்ப் போத்தல் கையோடு இருக்கட்டும்.

பனடோல் போன்ற 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு. அடுத்த வேளைக்கு 6 மணி நேரமாவது போகட்டும். ஒரு நாளில் 8-ஐத் தாண்டவே கூடாது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால், அது டாக்டர் பார்க்க வேண்டிய வலி. பெயர் தெரியாத வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கேடும் வரலாம்.

இன்னொன்று: முடிவெட்டும் கடையிலோ, சுளுக்கு எடுப்பவரிடமோ கழுத்தை ‘மடக்’கென்று முறிக்க விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து, கை கால் விழுந்துபோவதும் நடந்திருக்கிறது. அபூர்வம்தான்; ஆனால் வந்தால் திரும்பாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

• இதுவரை இல்லாத கடும் வலி, இடி விழுந்ததுபோல் திடீரென்று.
• காய்ச்சலோடு கழுத்து விறைத்துப்போவது. காய்ச்சலோடு வரும் தலைவலி டெங்கியாகவோ எலிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். டெங்கி இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் கூடாது, ரத்தக் கசிவு வரும்.
• வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் இழுத்தல்.
• தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி, வாந்தி, மயக்கம்.
• பிள்ளைத்தாய்ச்சிக்குத் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம்.
• 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் வலி. நெற்றிப்பொட்டைத் தொட்டாலே நோவது.
• இரண்டு கையும் மரத்து, நடை தள்ளாடுவது. சிறுநீர் கட்டுப்படாமல் போவது.
• மருந்து அடித்த அன்று தலைவலியோடு வாந்தி, மிகுந்த வியர்வை, எச்சில் ஊறல், பார்வை மங்கல். உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்துப் போத்தலின் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

இவற்றில் எது வந்தாலும் “ஒரு நாள் சம்பளம் போய்விடுமே” என்று யோசிக்காதீர்கள். ஆபத்து நேரத்தில் 999-ஐ அழையுங்கள்.

சங்கம் மூலம் கேட்க வேண்டியவை

தைலம் தடவுவது நம் கையில் இருக்கிறது. பாரத்தைக் குறைப்பது நிர்வாகத்தின் கையில். இலேசான கம்பு, தள்ளுவண்டி, தீம்பாரிலேயே குடிதண்ணீர், நிழலில் ஓய்வு ஆகியவற்றைத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் பேசுங்கள். வேலையில் குலையோ மட்டையோ விழுந்து கழுத்தில் அடிபட்டால், “சின்ன அடிதானே” என்று விடாமல் அன்றே மண்டோரிடம் சொல்லிப் பதிந்து வையுங்கள். பின்னால் பெர்கேசோவில் உரிமை கேட்க அந்தப் பதிவு உதவும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். அடுத்த முறை தலைவலிக்கு வரும்போது, எப்போது வலித்தது, அன்று என்ன வேலை, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பாதி வைத்தியம் அந்தத் தாளிலேயே இருக்கும்.